குவான்சோவில் முதல் நான்கு நாள்கள்

சியாமென் வடக்கு ரயில் நிலையத்தின் சீட்டுக் கொடுக்குமிடத்தில் நின்று "குவான்சோ" என்றேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் தலையசைத்து, எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிப் புரட்டிவிட்டு, கட்டணத்தைத் திரையில் காட்டினார். அரை மணி நேரப் பயணத்துக்கு அவ்வளவு பணம் ஆகாது என்பது என் மனைவிக்குத்தான் முதலில் பட்டது. ஊர்ப்பெயரைக் கைப்பேசியில் சீன எழுத்தில் காட்டிய பிறகே விஷயம் விளங்கியது. நான் சொன்னது அவர் காதில் குவாங்சோ என்று விழுந்திருக்கிறது. அது பக்கத்து மாகாணத்தின் தலைநகரம், பல மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பது. நாங்கள் போக வேண்டிய ஊரை அங்கே உள்ளவர்கள் 'ச்சுவென்ஜோ' என்பதற்கு நெருக்கமாகச் சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்கிற நம் வாயில்தான் அது குவான்சோ ஆகிவிடுகிறது. நமக்குப் பழகிய பெயர் அதுவே என்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் இந்த ஊருக்குப் போக நினைக்கும் எவரும் பெயரைச் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு போவது நல்லது.

அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு ஊற்று என்று பொருள். வெண்மையைக் குறிக்கும் எழுத்து மேலேயும் நீரைக் குறிக்கும் எழுத்து கீழேயுமாக அமைந்தது அது. பத்து வயது மகள் அதை ரயிலிலேயே நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டாள். அடுத்த நான்கு நாள்களும் கடைப் பலகைகளிலும் பேருந்துகளிலும் அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவளுக்கு வேலையாக இருந்தது. அவளுக்கு ரயிலில் அரைக் கட்டணம். ஐந்து வயது மகனுக்குக் கட்டணமே இல்லை. முன்பெல்லாம் குழந்தைகளின் உயரத்தை அளந்து முடிவு செய்வார்களாம். 2023 முதல் வயதைப் பார்க்கிறார்கள்.

சீனாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம் என்றதும் உறவினர்கள் பெய்ஜிங்கா, ஷாங்காயா என்றுதான் கேட்டார்கள். ஃபூஜியான் மாகாணத்தின் கடலோரத்தில் இருக்கும் இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு கல்வெட்டு. சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது கி.பி. 1281இல், குப்லாய் கான் சீனத்தை ஆண்ட காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் இந்த ஊரில் திருக்கதலீச்சரம் என்னும் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். செகசைகான் என்று கல்வெட்டு குறிக்கும் கானின் உடல்நலத்துக்காக, அவருடைய ஆணையின்படி அதைச் செய்ததாகத் தமிழில் வெட்டி வைத்து, அடியில் சீன எழுத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கல்லூரி நாள்களில் இதைப் படித்தபோது, அந்த ஊர்த் தெருவில் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்று தோன்றியது. என் அம்மா பிறந்து வளர்ந்தது திருவானைக்காவல். அப்பா இறந்து ஆறு ஆண்டுகளாக வீட்டை விட்டு எங்கும் வராதிருந்தவர், சிவன் கோயில் இருந்த ஊர் என்று சொன்ன பிறகுதான் வருவதற்குச் சம்மதித்தார்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சியாமென், பிறகு ரயில் என்று வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. நம் ஊர்க் கணக்கில் ஆறரைதான். சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆனாலும் முந்தைய இரவு தூங்காததால் மகன் என் தோளிலேயே உறங்கிவிட்டான். மேற்குத் தெருவுக்கு அருகில் இணையத்தில் முன்பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனால், வரவேற்பில் இருந்த இளம்பெண் எங்கள் கடவுச்சீட்டுகளைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். வெளிநாட்டினரின் தங்கலை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரிய விடுதிகள் அதைத் தாங்களே செய்துவிடும். இந்தச் சிறிய விடுதியில் அதற்கான ஏற்பாடு இல்லை. பணத்தை வாங்கும்போது இதை அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். குழந்தைகளையும் அறுபத்தாறு வயது அம்மாவையும் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்க நேர்ந்ததில் எனக்குக் கடுமையான கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெண் மொழிபெயர்ப்புச் செயலியில் மன்னிப்புக் கேட்டதோடு நிற்கவில்லை. யாருக்கோ தொலைபேசியில் பேசி முடித்து, வரவேற்பறையைப் பூட்டிவிட்டு, அம்மாவின் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு தெரு தாண்டி வேறொரு விடுதியில் எங்களை ஒப்படைத்து, அறைச் சாவி கைக்கு வரும்வரை பக்கத்திலேயே நின்றார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். செயலியைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஊர் வேறாகத் தெரிந்தது. மேற்குத் தெருவில் செங்கல் நிறத்து மாடி வீடுகள் இருபுறமும் நெருக்கமாக நிற்க, கூரைகளுக்கு மேலே காய்யுவான் என்னும் பௌத்தக் கோயிலின் கற்கோபுரம் எழுந்து நிற்கிறது. மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும் என்பதால் மகனின் கையை ஒரு நொடியும் விட முடியவில்லை. அம்மா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கோயில் தெருவுல ஒரு பூக்காரிகூட இல்லையேடா" என்றார். திருவானைக்காவல் சன்னதித் தெருவில் வளர்ந்தவருக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. இன்றும் வீட்டில் சாயங்காலம் பூக்கட்டுவது அவர்தான். சாமிக்கும் பேத்திக்கும் என் மனைவிக்கும் கட்டுவார், தாம் மட்டும் வைத்துக்கொள்வதில்லை.

முதல் நாளின் பெரும்பகுதி சாப்பாட்டிலும் பணம் கட்டுவதிலுமே போயிற்று. அங்கே எல்லோரும் கைப்பேசியைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறார்கள். அலிபே செயலியில் நம் ஊர் அட்டையை இணைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே இணைத்து, சரிபார்ப்பையும் முடித்துவிட வேண்டும். நான் இணைத்திருந்தும், முதல் முறை பணம் கட்டியபோது என் வங்கி சந்தேகப்பட்டு அட்டையை முடக்கிவிட்டது. மனைவியின் அட்டை கைகொடுத்தது. ஒன்றுக்கு இரண்டு அட்டையும், சில்லறையாகக் கொஞ்சம் யுவானும் வைத்திருப்பது அவசியம் என்பேன். நூறு யுவான் தாளை நீட்டினால் தள்ளுவண்டிக்காரர்களிடம் மீதி கொடுக்கச் சில்லறை இருப்பதில்லை.

நானும் மனைவியும் குழந்தைகளும் எதுவும் சாப்பிடுவோம். அம்மா சுத்த சைவம். இந்த ஊரின் காலை உணவு மியென்ஷியென்ஹூ என்னும் குழம்பு. தலைமுடி போல மெல்லிய சேமியாவைக் கூழாகும்வரை வேக வைத்து, அவரவர் விரும்பும் இறைச்சியோ சிப்பியோ சேர்த்துத் தருகிறார்கள். எங்கள் நால்வருக்கும் அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதன் அடிச்சாறே எலும்பிலும் கடல் உணவிலும் கொதிப்பது என்பதால் அம்மாவுக்கு ஆகாது. 'வோ ச்சு சூ' என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இந்த மூன்று சொற்களை அம்மா ஒரே நாளில் மனப்பாடம் செய்துகொண்டார். பௌத்தக் கோயில்களை ஒட்டி முழுச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கேட்காமலே வெந்நீர் கொடுக்கிறார்கள். ரயில் நிலையத்தில்கூட வெந்நீர்க் குழாய் உண்டு. பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை கட்டும் என்று எங்களை வாழ்நாள் முழுதும் கண்டித்து வந்த அம்மாவுக்கு இது பெரிய நிம்மதி.

அன்று மாலை ஒரு சந்துக் கடையில் வேர்க்கடலைச் சாறு கிடைத்தது. தோல் நீக்கிய கடலையைச் சர்க்கரைத் தண்ணீரில் நாவில் கரையும்வரை வேக வைத்தது. அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். விலை கேட்டபோது கடைக்காரர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் காட்டினார். தொலைபேசியில் பேசச் சொல்கிறார் என்று நினைத்து நான் விழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தில் ஆறு என்று எழுதினார். ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டும் முறை சீனர்களிடம் இருக்கிறது. ஐந்து வரை நம்மைப் போலத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் என்றால் ஆறு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்றால் எட்டு. கடைக்காரர் பத்து வரை சொல்லிக் கொடுக்க, பிள்ளைகளும் பாட்டியும் இரவு படுக்கையில் உட்கார்ந்து அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் காய்யுவான் கோயில். கி.பி. 686இல், மல்பெரித் தோட்டம் ஒன்றில் எழுந்தது என்பார்கள். மல்பெரி மரம் வெண்தாமரை பூத்ததால் தோட்டக்காரர் நிலத்தைக் கொடுத்தார் என்பது கதை; மிகப் பழைய மல்பெரி மரம் ஒன்று இன்றும் வேலி கட்டிக் காக்கப்படுகிறது. கோயிலின் கிழக்கிலும் மேற்கிலும் நிற்கும் இரண்டு கோபுரங்களும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லாலேயே கட்டப்பட்டவை. கிழக்குக் கோபுரம் நாற்பத்தெட்டு மீட்டர் உயரம். இவற்றையெல்லாம் நான் அரைகுறையாகத்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். என் கால்கள் நேராகப் பெரிய புத்தர் மண்டபத்தின் பின்புறத்துக்கே போயின.

அங்கேதான் அந்த இரண்டு தூண்கள் இருக்கின்றன. மண்டபத்தின் மற்றத் தூண்களிலிருந்து அவை நிறத்திலேயே வேறுபட்டுத் தெரிகின்றன. பச்சை கலந்த சாம்பல் நிறக் கல், பதினாறு பட்டை. நம் ஊர் மண்டபத்தில் தூண் எப்படிச் சதுரமும் பட்டையுமாக மாறி மாறி மேலே போகுமோ, அதே ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. வட்டங்களுக்குள் சிற்பங்கள். மடியில் இரணியனைக் கிடத்திய நரசிம்மர் ஒன்றில். இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன் இன்னொன்றில். உள்ளங்கை அகலமே உள்ள வட்டத்துக்குள் நரசிம்மரின் பிடரி மயிரைச் சிற்பி தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருப்பதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எந்த ஊர்ச் சிற்பி, அல்லது எந்தச் சீனச் சிற்பிக்கு யார் அருகில் இருந்து இந்தக் கதையைச் சொன்னார்கள்? மண்டபத்தின் முன்புறம் அடித்தளத்தைச் சுற்றிச் சிங்கமும் மனிதத் தலைச் சிங்கமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இடிந்துபோன சிவன் அல்லது பெருமாள் கோயிலின் கற்களை எடுத்து, பிற்காலத்தில் மிங் அரச மரபின் ஆட்சியில் இந்த மண்டபத்தைப் பழுது பார்த்தபோது சேர்த்திருக்கிறார்கள். தூக்கி எறியாமல், தம் புத்தரின் மண்டபத்தைத் தாங்கும் இடத்தில் வைத்தார்கள் என்பதற்காக அந்தப் பெயர் தெரியாத கொத்தனார்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அம்மா தூணைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, டிசம்பர் மாதக் குளிரில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். பக்கத்தில் ஊதுவத்தி பிடித்து வணங்கிக்கொண்டிருந்த சீன மூதாட்டி ஒருவர் அம்மாவின் காலைப் பார்த்துப் பதறி, குளிரும் என்று சைகை காட்டினார்.

அதே வளாகத்தில் 1974இல் ஹோவ்ஜூ துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் அரச மரபுக் காலக் கப்பலின் அடிப்பகுதி இருக்கிறது. எஞ்சியிருப்பதே இருபத்துநான்கு மீட்டர் நீளம். உள்ளே பதின்மூன்று அறைகள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மூழ்காதபடி மரத்தடுப்புகள். வாசனை மரமும் மிளகும் ஏற்றி வந்த கப்பல் அது. மகன் அறைகளை எண்ணி முடிக்காமல் நகர மறுத்தான். சம்பந்தப் பெருமாளின் காலத்துக் கப்பல் இது, அவர் காலத்தில் கடலில் ஓடிய கப்பல்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் ஊரை நடந்தே சுற்றினோம். 1009இல் கட்டிய சிங்ஜிங் மசூதியின் கல்வாயில், அதற்குச் சில அடி தள்ளிப் போர்வீரர் குவான்யூவைத் தெய்வமாக வணங்கும், புகை மண்டிய குவான்யூ கோயில் என ஒரே தெருவில் எல்லாம் இருக்கின்றன. குவான்யூ கோயிலில் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போட்டு, அவை விழும் விதத்தைப் பார்த்துச் சாமியின் விருப்பத்தை அறிகிறார்கள். நான் விளக்கத் தொடங்கும் முன்பே அம்மா, "பூக்கட்டிப் பார்க்கறாங்க, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டார். ஒரு பெண் மூன்று முறை போட்டும் அனுகூலமாக விழாமல் கண் கலங்கி நின்றபோது, அம்மாவும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான்காம் முறை ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தது. அந்தப் பெண் முகம் தெளிந்த பிறகே நாங்கள் வெளியே வந்தோம்.

மதியம் கடல்சார் அருங்காட்சியகம். சைத்தூன் என்று அரபு வணிகர்கள் இந்த ஊரை அழைத்தார்கள்; மார்கோ போலோவும் இபுன் பதூதாவும் அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த 'த்ஸுதோங்' மரங்களின் பெயரிலிருந்து அது வந்தது என்பார்கள். அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் அந்த மரத்தைப் பார்த்ததும் மனைவி நின்றுவிட்டார். அது நம் கல்யாண முருங்கை. சளிக்கு அரிசியோடு அரைத்து அடை தட்டுவோமே, அதே முள்முருங்கை. பூக்கும் பருவம் இல்லாததால் செம்பூவைப் பார்க்கக் கிடைக்கவில்லை. இலையை வைத்துத்தான் கண்டுகொண்டோம்.

அருங்காட்சியகத்தில் மதச் சிற்பங்களின் கூடத்தில் சிலுவை பொறித்த கல்லறைகள், அரபு எழுத்துக் கற்கள் எல்லாவற்றையும் தாண்டி ஓரிடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு கல்லில் லிங்கம், அதன் பக்கத்தில் யானை, துதிக்கையில் மலரை ஏந்தி லிங்கத்தை வணங்கி நிற்கிறது, மேலே மரம். "இது நம்ம ஆனைக்கா கதைடா. நாவல் மரமும் இருக்கு பார்" என்றார் அம்மா. எனக்குச் சொன்னதைவிடக் குழந்தைகளுக்கு நிறையச் சொன்னார்: காவிரி நீரை மொண்டு வந்து அபிஷேகம் செய்த யானை, வலை பின்னி நிழல் கொடுத்த சிலந்தி, இரண்டுக்கும் வந்த சண்டை, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை புக முடியாத மாடக்கோயில்களாகக் கட்டியது என்று முழுக்கதையும். அங்கே இருந்த காவலர் நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து போட்டார். அம்மா அதில் உட்கார்ந்து கதையை முடித்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல்லின் முன்னால் நின்று யாரோ ஒரு தாய் இதே கதையைத் தமிழில் சொல்லியிருப்பாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்காம் நாள் ஷுன்பூ. கடலோர மீனவர் கிராமம். நகரத்திலிருந்து வாடகைக் காரில் போனோம். சிப்பி ஓடுகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய வீடுகள் அங்கே உண்டு. ஒவ்வொரு ஓடும் உள்ளங்கை அளவு இருக்கிறது. தொலைதூரம் போய்த் திரும்பிய கப்பல்கள் எடைக்காக ஏற்றி வந்த ஓடுகள் என்று ஊரார் சொல்கிறார்கள். ஆனால் ஷுன்பூவின் புகழ் அங்கேயுள்ள பெண்களின் தலைப்பூவில் இருக்கிறது. கூந்தலைப் பின்னந்தலையில் கொண்டையாகச் சுருட்டி, நடுவில் எலும்புக் குச்சி ஒன்றைச் செருகி, கொண்டையைச் சுற்றிப் பூச்சரத்தை வட்டம் வட்டமாகக் கட்டிக்கொள்கிறார்கள். இளம்பெண்கள் சுற்றுலாவுக்காகச் செய்துகொள்ளும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். கிராமத்துக்குள் நுழைந்ததும் பார்த்தது வேறு. சிப்பி உடைக்கும் பாட்டிகள், மீன் கூடை சுமப்பவர்கள், பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்கள், எழுபது எண்பது வயதில் முதுகு வளைந்தவர்கள் எல்லோர் தலையிலும் பூ.

அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். எதுவும் பேசவில்லை.

பயணிகளுக்குப் பூ வைத்துவிடும் கடைகளில் பெரும்பாலும் துணிப்பூதான். ஒரு சந்தின் முனையில், வீட்டு வாசலில் முக்காலி போட்டு, மூதாட்டி ஒருவர் உண்மைப் பூவைக் கோத்துக்கொண்டிருந்தார்; மொட்டுகளும் சின்னச் செவ்வந்திகளும். மகளை அவர் முன் உட்கார வைத்தோம். நாற்பது யுவான். அவர் ஊசியில் பூவைக் கோக்கும் வேகத்தை அம்மா குனிந்து பார்த்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு பிடி மொட்டை எடுத்து, நூலை வாங்கி, நம் ஊர் முறையில் விரலில் சுற்றி நெருக்கமாக ஒரு முழம் கட்டிக் காட்டினார். மூதாட்டி தம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி கட்டச் சொன்னார். அம்மா மெதுவாக, முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கட்டினார்.

மகளின் அலங்காரம் முடிந்ததும், மூதாட்டி முக்காலியைத் தட்டி அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா தலையசைத்து மறுத்தார். என் மனைவி, "உட்காருங்க அத்தை" என்றார். நான் ஏதும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் அப்படியே நின்றவர், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தார். மூதாட்டி அம்மாவின் நரைத்த கூந்தலை அவிழ்த்து, சீவி, கொண்டையிட்டு, அம்மா கட்டிய அந்தச் சரத்தையே முதல் வட்டமாகச் சுற்றினார். அதற்கு மேல் தம்முடைய செவ்வந்தியைச் சுற்றினார்.

வேலை முடிந்ததும் அவர் தம் நெஞ்சைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். எண்பத்தொன்று. அடுத்து அம்மாவை நோக்கிக் கையை நீட்டி, உனக்கு எத்தனை என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டி, இரண்டு முறை காட்டினார்.